பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள்!

தேனி, போடி பக்கத்து ஆட்களிடம் ரயிலைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். முதலில் ஒரு பெருமூச்சு வரும். வார்த்தை அப்புறம்தான் வரும்.

1928-ல் வந்த பாதை. மதுரையில் கிளம்பி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை சுமார் 90 கிலோமீட்டர். மீட்டர் கேஜ். அதாவது, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். 2010 டிசம்பர் கடைசியில் அந்த ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதை போடப்போகிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். ஜனங்களும் பொறுத்தார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். கிட்டத்தட்ட ஒரு மாமாங்கம்!

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நிறுத்திய அன்றைக்கு அந்த ரயில் கெட்டுப்போயிருக்கவில்லை. முந்தின நாள் வரை ஓடிய வண்டிதான். இன்ஜின் சரி. பெட்டி சரி. மாறியது பாதை. ஒரு மீட்டருக்குச் செய்த சக்கரம் 1.676 மீட்டர் தண்டவாளத்தில் உட்காராது. அவ்வளவுதான் விஷயம்.

கம்ப்யூட்டரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு எதற்கு ரயில் கதை என்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பரணில் இதே மாதிரி ஒரு வண்டி நின்றுகொண்டிருக்கலாம். அதனால்தான்.

பெரியகுளத்திலோ, சின்னமனூரிலோ, கம்பத்திலோ ஒரு பழைய வீடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழிக்கிறார்கள். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி. திறந்தால் கீபோர்டு மாதிரி ஒரு சாமான். கம்ப்யூட்டர்தான், ஆனால் கூடவே திரை கிடையாது. டிவியில் மாட்டிக்கொள்ள வேண்டியது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். தூசி தட்டி, கரன்ட் கொடுக்கிறான். சிவப்பு விளக்கு எரிகிறது. ஹாலில் இருக்கும் 43 இன்ச் எல்.ஈ.டி. டிவியில் மாட்டப் போகிறான். ஒயரின் முனைக்கும் டிவியின் துளைக்கும் சம்பந்தமே இல்லை. எப்படியோ ஒரு அடாப்டர் வாங்கிச் சொருகினால் நீல நிறத் திரையில் ஒரே வரி: 'சிக்னல் இல்லை.'

"சரிதான், செத்துப்போச்சு" என்கிறார் அப்பா. மறுநாள் தெருவில் பழைய இரும்புக்காரர் வருகிறார். கதை முடிந்தது.

முடியவில்லை சார். அந்தப் பெட்டி சாகவே இல்லை. அது பேசிக்கொண்டுதான் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் டிவிக்குத்தான் அந்த பாஷை புரியவில்லை.

அது என்ன பாஷை, ஏன் அந்த பாஷை? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1980. இங்கிலாந்தில் க்ளைவ் சின்க்ளேர் என்பவர் இசட்எக்ஸ் 80 என்றொரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். விலை 99 பவுண்டு 95 பென்ஸ். நூறு பவுண்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் என்பது அப்போது யாரும் நினைத்துப் பார்க்காத சங்கதி. எப்படி முடிந்தது? கம்ப்யூட்டரில் காசைத் தின்கிற சமாசாரங்களில் ஒன்று திரை. சின்க்ளேர் அதைக் கழற்றிவிட்டார். 'திரைதான் உங்கள் வீட்டிலேயே இருக்கிறதே, டிவி! அதில் மாட்டிக்கொள்ளுங்கள்.' சேமித்து வைக்க டிஸ்க் வேண்டாம், பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டர் போதும்.

அடுத்த வருஷம் இசட்எக்ஸ் 81. 1982 ஏப்ரலில் ரப்பர் பொத்தான் வைத்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். அதே 1982-ல் அமெரிக்காவில் கமடோர் 64. இந்த இரண்டுக்கும் சற்று முன்னால், 1981 கடைசியில், பிபிசி மைக்ரோ. இது பிபிசி தொலைக்காட்சியே முன்னின்று கேட்டு வாங்கிய கம்ப்யூட்டர். ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஒரு தொடர் எடுக்கப் போகிறோம், அதற்குத் தோதாக ஒரு மெஷின் வேண்டும் என்றார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற சின்னக் கம்பெனி செய்து கொடுத்தது. வடிவமைத்தவர்களில் இரண்டு பெயர்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர். பிற்பாடு தேவைப்படும்.

ஆக, வீட்டுக் கம்ப்யூட்டர் என்று ஒரு ஜாதி உருவானதே டிவியை நம்பித்தான். அந்தக் கம்ப்யூட்டர் தன்னை ஒரு குட்டி டிவி ஸ்டேஷனாக மாற்றிக்கொண்டது. உள்ளே மாடுலேட்டர் என்று ஒரு தகர டப்பா இருக்கும். படத்தை டிவி அலையாக மாற்றி ஒயர் வழியே அனுப்பும். டிவி பாவம், ஏதோ ஒரு சேனல் வருகிறது என்று நினைத்துக்கொண்டு படம் காட்டும்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஆனால் அந்த அலை மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் வரைக்கும் எப்படி வரும்? 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்தபோது தென் மாவட்டங்களில் பல ஊர்களில் மொட்டைமாடியில் உயரமான கம்பம் நட்டு ஆன்டெனா கட்டினார்கள். சென்னையைவிடக் கொழும்பு கிட்டே! பிறகு கொடைக்கானல் மலைமேல் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே தயாரான டிவிக்கள் வீட்டுக்கு வீடு நுழைந்தன. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஒருத்தர் மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருத்தர் கீழே இருந்து "போதும்... போதும்... இல்ல, போச்சு!" என்று கத்திய காலம். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

கம்ப்யூட்டர் இந்தியப் பிள்ளைகளிடம் வந்தது 1984-ல். 'க்ளாஸ்' என்று மத்திய அரசுத் திட்டம் ஒன்று. பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறிவு என்பது அதன் சாரம். முதல் கட்டமாகச் சுமார் 250 பள்ளிகள். கொடுத்த மெஷின் எது தெரியுமா? அதே பிபிசி மைக்ரோ. பிற்பாடு சண்டிகர் பக்கத்தில் மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், உரிமம் வாங்கி 'யூனிகார்ன்' என்ற பெயரில் அதை இங்கேயே தயாரித்தது. புனேயில் டெசிபெல்ஸ் என்ற கம்பெனி ஸ்பெக்ட்ரம்மை 'டிபி ஸ்பெக்ட்ரம்' ஆக்கியது. திட்டம் பிறகு 2,000 பள்ளிகளுக்கு மேல் விரிந்தது. ஷூவைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஏ.ஸி. ரூமுக்குள் நுழைந்து, ஒரு மெஷினை நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, பேஸிக் மொழியில் '10 பிரின்ட்' என்று அடித்த தலைமுறை. இன்றைக்கு அவர்களுக்கு வயது ஐம்பதுக்கு மேல்.

ஆனால், சாதாரண வீடுகளுக்குள் வந்த வண்டி வேறே. 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் விளையாட்டு மெஷினைப் பார்த்துக் கிழக்கு ஆசியாவில் கணக்கு வழக்கில்லாமல் நகல் எடுத்தார்கள். தொண்ணூறுகளில் அவை நம் கடைத்தெருக்களுக்கு வந்தன. டிவி வீடியோ கேம். அதில் ஒரு ரகத்துக்குக் கம்ப்யூட்டர் கீபோர்டு உடம்பு. மஞ்சள் நிற கேசட்டைச் சொருகினால் டைப்பிங், கணக்கு, கொஞ்சம் பேஸிக். 'படிப்புக்கு உதவும்' என்று சொல்லி அப்பாவை வாங்க வைத்துவிட்டு, ராத்திரி பகலாக மரியோ ஆடிய பிள்ளைகள் எத்தனை லட்சம்! பரணில் கிடைக்க அதிக வாய்ப்புள்ளது இந்த ரகம்தான்.

இவற்றையெல்லாம் மாட்டுவதற்கு ஏற்ற டிவி தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்தது, அதுவும் அரசாங்கச் செலவில். 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டம். 14 இன்ச் டியூப் டிவி. 2011 வரைக்கும் ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள். பழைய கம்ப்யூட்டர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. இன்றைக்கு வெளிநாட்டில் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் நல்ல டியூப் டிவிக்காக ஊர் ஊராகத் தேடுகிறார்கள். நாம் கொடுத்த வேகத்திலேயே அதையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்படி என்ன விசேஷம் டியூப் டிவியில்?

டியூபுக்குப் பின்னால் ஒரு எலெக்ட்ரான் துப்பாக்கி. அது திரையில் இடமிருந்து வலமாகக் கோடு போட்டுக்கொண்டே கீழே இறங்கும். வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி. ஒரு விநாடிக்கு 15,625 கோடுகள். மேலிருந்து கீழ்வரை ஒரு நடை முடிந்தால் மறுபடி மேலே. விநாடிக்கு 50 நடை.

ஏன் 50? லோயர் கேம்ப்பைக் கேளுங்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குழாயில் இறங்கி அங்கே சுழற்றுகிற டர்பைன்கள் அனுப்பும் மின்சாரம், விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வரும். நம்மூர் மின்சாரம் முழுக்க அந்த 50 கணக்குதான், இங்கிலாந்திலும் அதே 50. டிவி கண்டுபிடித்த புதிதில், கரன்ட்டின் துடிப்பும் படத்தின் துடிப்பும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். அதனால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் கரன்ட் 60, டிவியும் 60.

இப்போது சூட்சுமத்துக்கு வருகிறேன். டிவி ஒளிபரப்பில் ஒரு முழுப்படத்துக்கு 625 கோடுகள். அதை இரண்டு நடையாகப் பிரித்து, ஒன்றில் 312½, அடுத்ததில் 312½ என்று அனுப்புவார்கள். அந்த அரைக் கோடு இருக்கிறதே, அதுதான் இரண்டாம் நடையின் கோடுகளை முதல் நடையின் இடுக்குகளில் சரியாக உட்கார வைக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் அந்த அரையைச் சாப்பிட்டுவிட்டு வெறும் 312 கோடு அனுப்பின. அப்போதுதான் ஒவ்வொரு நடையும் ஒரே இடத்தில் விழும், எழுத்து நடுங்காது. டியூப் டிவிக்கு ஆட்சேபணை இல்லை. அது கணக்குப் பார்க்காது. வருவதை வருகிறபடி வரைந்துவிடும்.

எல்.ஈ.டி. டிவி அப்படியில்லை. அதுவே ஒரு கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கும். 312 வருகிறதா? ஏதோ பாதிப் படம் போலிருக்கிறது, மீதிப் பாதி வரட்டும் என்று காத்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிசையும். எழுத்து மங்கும், நடுங்கும். நீங்கள் பொத்தானை அமுக்கினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் மரியோ குதிப்பார். சில டிவிக்கள் 'இது என்ன சிக்னல்' என்று ஒரேயடியாகக் கையை விரித்துவிடும். 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. என்ற டிஜிட்டல் இணைப்புக்கு விதிகள் வெளியாயின. அதற்கப்புறம் பழைய துளைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிரசார் பாரதியும் 2021, 2022-ல் தன் பழைய அனலாக் தரைவழி டிரான்ஸ்மிட்டர்களை, முக்கியமான இடங்களில் ஐம்பது போல விட்டுவிட்டு, மூடியது.

தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். வண்டி என்ன செய்யும்?

மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்திக்கிற ஜங்ஷன்களில் அந்தக் காலத்தில் ஒரு காட்சி பார்க்கலாம். இந்த வண்டியிலிருந்து மூட்டையை இறக்கி, அந்த வண்டியில் ஏற்றுவார்கள். பழைய கம்ப்யூட்டருக்கும் புது டிவிக்கும் நடுவே அப்படி ஒரு மேடை வேண்டும். அதை உலகெங்கும் பொழுதுபோக்காகச் சிலர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று விதமான மேடைகள்.

முதலாவது, ரொம்ப மலிவு. ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் சின்ன டப்பா. சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். மஞ்சள் ஒயரை ஒரு பக்கம் சொருகினால் மறுபக்கம் டிஜிட்டல். ஸ்பெக்ட்ரம் மாதிரி மாடுலேட்டர் மட்டுமே உள்ள மெஷின் என்றால், உள்ளே ஒரு சின்ன ஒயர் வேலை செய்து, தகர டப்பாவுக்குள் போகும் முன்பே படத்தை வெளியே இழுத்துவிடலாம். படம் வரும். ஆனால் இந்த டப்பாவும் 312-ஐப் பாதிப் படம் என்றே நினைத்துப் பிசையும். சிவப்பு வழியும், எழுத்து கசியும். மூட்டையைத் தூக்கிப்போடுகிற கூலி மாதிரி. சேரும், கொஞ்சம் சிந்தும்.

இரண்டாவது, கோட்டை இரட்டிப்பாக்குகிற சாதனம். 'ஓப்பன் சோர்ஸ் ஸ்கேன் கன்வெர்ட்டர்' என்று ஒன்று பிரசித்தம். வடிவமைப்பையே ஊருக்குப் பொதுவாக வெளியிட்டுவிட்டார்கள். 312 என்றால் 312தான் என்று அதற்குத் தெரியும். முழுப் படம் வரட்டும் என்று காத்திருக்காமல், ஒரு கோடு வந்தவுடன் அதை இரண்டாகவோ மூன்றாகவோ எழுதி அனுப்பிவிடும். தாமதம் இல்லை.

மூன்றாவதுதான் ஜோர். அதற்குத்தான் இவ்வளவு நேரம் இழுத்தேன்.

பிபிசி மைக்ரோவின் முதுகில் படத்துக்கு மூன்று துளைகள் உண்டு. ஒன்று டிவி ஆன்டெனாவுக்கு. ஒன்று வீடியோவுக்கு. மூன்றாவதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக வரும். அதுவும் 'உண்டு, இல்லை' என்று டிஜிட்டலாகவே. ஆக, படம் பிறக்கிறபோதே டிஜிட்டல். டிவிக்காகத்தான் அதை அலையாகக் குழைத்தார்கள். குழைப்பதற்கு முன்னாடியே பிடித்துவிட்டால்?

'ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐ' என்ற திட்டம் செய்வது அதைத்தான். 2010-களின் கடைசியில் பிபிசி மைக்ரோவுக்காக ஆரம்பித்து, பிறகு பல மெஷின்களுக்கு விரிந்தது. ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. அதன்மேல் ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற, சூயிங்கம் பாக்கெட் அளவுக் கம்ப்யூட்டர். 2015-ல் வந்தபோது அதன் விலை ஐந்து டாலர். பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளியை வெளியே தள்ளும்போதும் அந்தக் கணத்திலேயே இது எண்ணி எடுத்துக்கொள்கிறது. ஊகம் கிடையாது, பிசைதல் கிடையாது. ஸ்பெக்ட்ரம்மின் திரை 256-க்கு 192 புள்ளி. ஒவ்வொன்றையும் ஐந்துக்கு ஐந்து கட்டமாக வரைந்தால் 1,280-க்கு 960. புது டிவியின் 1,080 கோட்டுக்குள் கச்சிதமாக உட்காரும். கத்தியால் வெட்டியதுபோலத் தெரியும்.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. அரைக் கோட்டைச் சாப்பிட்டார்கள் என்றேன் இல்லையா? அதனால் நடை கொஞ்சம் சீக்கிரம் முடிந்துவிடும். விநாடிக்கு 50 அல்ல, 50.08. புது டிவியோ கறாராக 50. விளைவு, பன்னிரண்டரை விநாடிக்கு ஒரு படம் மிஞ்சும். அதைத் தூக்கிப் போட்டால் ஓடுகிற காட்சி லேசாகத் தடுக்கும். நாற்பது வருஷத்துக்கு முன் மிச்சம் பிடித்த அரைக் கோட்டுக்கு இன்றைக்கு வட்டி! இந்தச் சாதனம் என்ன செய்கிறது என்றால், பழைய மெஷின் எந்த வேகத்தில் ஓடுகிறதோ அதற்குத் தக்கபடி எச்.டி.எம்.ஐ.யின் வேகத்தை ஒரு துளி நகர்த்திக்கொள்கிறது. பெரும்பாலான டிவிக்கள் அந்தத் துளியைப் பொறுத்துக்கொள்கின்றன.

ஸ்பெக்ட்ரம்முக்கு இன்னொரு வழியும் உண்டு. 'இசட்எக்ஸ் எச்டி' என்ற அட்டை. இதிலும் ஒரு பை ஜீரோதான். பின்பக்கத் துளையில் சொருகினால் போதும், உள்ளே கை வைக்க வேண்டாம். ஸ்பெக்ட்ரம் தன் திரைக்கு ஒதுக்கியிருக்கும் நினைவகம் 6,912 பைட். அதில் எழுதுவதையெல்லாம் ஒட்டுக்கேட்டு, அதேபோல ஒரு படத்தைத் தானே வரைந்து டிவிக்கு அனுப்பிவிடும்.

சரி, அந்த இரண்டு பெயர்கள். சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர்.

பிபிசி மைக்ரோ வெற்றிபெற்றதும் ஏகார்ன் கம்பெனி அடுத்த மெஷினுக்குச் சொந்தமாக ஒரு பிராசஸர் செய்ய நினைத்தது. இந்த இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வில்சன் அதன் கட்டளைகளை வகுத்து, அது எப்படி வேலை செய்யும் என்று முதலில் சோதித்துப் பார்த்தது எதில்? பிபிசி மைக்ரோவில், பேஸிக் மொழியில். 1985 ஏப்ரல் 26. முதல் சிப் வந்து சேர்ந்தது. அதை ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டினார்கள். ஓடியது. அந்தச் சிப்பின் பெயர் ஆர்ம்.

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனில் இருப்பது அதன் வம்சம். ராஸ்பெர்ரி பையில் இருப்பதும் அதே வம்சம். அந்த பையும் கேம்பிரிட்ஜிலேயே உருவானதுதான். 2012-ல் வெளிவந்தபோது 'மாடல் ஏ', 'மாடல் பி' என்று பிபிசி மைக்ரோவின் பெயர்களையே அதற்கு வைத்தார்கள்.

இப்போது படத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஹாலில் ஒரு பக்கம் நாற்பது வயது பிபிசி மைக்ரோ. இன்னொரு பக்கம் அது பேசுவது புரியாத புது டிவி. நடுவில் அதன் வம்சத்தில் வந்த ஒரு பொடியன் நின்றுகொண்டு, 'தாத்தா என்ன சொல்றாருன்னா...' என்று மொழிபெயர்க்கிறான்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

எல்லாவற்றையும் மொழிபெயர்க்க முடியுமா என்றால், முடியாது. அதையும் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் டிவி வீடியோ கேம் ரகத்தைத் திறந்து பார்த்தால் பலவற்றில் தனித்தனிச் சிப்புகள் இருக்காது. போர்டின் நடுவே தார் ஊற்றிய மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. மொத்தக் கம்ப்யூட்டரும் அதற்குள். புள்ளிகளைப் பிடிக்க எங்கேயும் கம்பி வைக்க முடியாது. அதற்கு அந்தச் சில நூறு ரூபாய் டப்பாதான் கதி. அப்புறம், வாத்து சுடும் துப்பாக்கி! விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கியின் கண் அந்த வெளிச்சத்தைத் தேடும். டியூப் அந்தக் கணத்திலேயே காட்டும். எல்.ஈ.டி.யோ தாமதமாகக் காட்டும், ஒளியின் தன்மையும் வேறே. எந்த டப்பா போட்டாலும் வாத்து பறந்துவிடும். அதற்கு இலவச டிவிதான் வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, யாருக்கு வேண்டும் இந்தக் குப்பை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலாக ஒரு கதை.

1086-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் நாடு முழுக்க நிலம், மாடு, ஏர் எல்லாவற்றையும் கணக்கெடுத்து எழுதி வைத்தார். டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். அதன் 900-வது ஆண்டில், 1986-ல், பிபிசி ஒரு புது டூம்ஸ்டே தயாரித்தது. பத்து லட்சம் பேருக்கு மேல், அதிலும் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், தங்கள் ஊரைப் பற்றி எழுதி அனுப்பினார்கள். படம் எடுத்து அனுப்பினார்கள். எல்லாம் லேசர் டிஸ்கில் ஏறியது. படிக்க, பிபிசி குடும்பத்துக் கம்ப்யூட்டரும் ஒரு விசேஷ டிஸ்க் பிளேயரும் வேண்டும். பதினைந்தே வருஷம். அந்த பிளேயர்கள் அருகிப்போயின. டிஸ்க் பத்திரமாக இருக்கிறது, படிக்க ஆளில்லை. 900 வருஷப் புத்தகத்தைத் தோல் அட்டையைத் திறந்தால் படிக்கலாம், 15 வருஷப் புத்தகத்தைப் படிக்க முடியவில்லை! லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-ல் பழைய மெஷினை மென்பொருளாலேயே நடிக்கவைத்து அதை மீட்டுக் காட்டினார்கள். கடைசி நேரத்தில் பிழைத்தது.

நம்மிடம் டூம்ஸ்டே மாதிரி பெரிசாக ஒன்றும் இல்லை. ஆனால் 'க்ளாஸ்' திட்டத்தில் முதல்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்ட பிள்ளைகள் எழுதிய சின்னச் சின்ன புரோகிராம்கள் இருக்கலாம். ஒரு வாத்தியார் தமிழ் எழுத்தைப் புள்ளி புள்ளியாக அடுக்கி வரைந்து பார்த்த முயற்சி ஏதாவது கேசட்டில் இருக்கலாம். இந்தியா கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட கதையின் முதல் அத்தியாயம் அது. அதைப் படிக்க அதே மெஷினும், அதன் பேச்சைக் காட்ட ஒரு திரையும் வேண்டும். காந்த நாடா ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே இருக்கிறது.

ஆளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். டியூப் டிவியின் பின்மூடியைக் கழற்றி, சால்ட்ரிங் புகைக்கு நடுவே கோளாறைக் கண்டுபிடித்த மெக்கானிக்குகள் ஒரு காலத்தில் எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் உண்டு. இன்றைக்கு செல்போன் கண்ணாடி மாற்றுகிறார்கள். மேலே சொன்ன வேலைக்கெல்லாம் வேண்டிய கை அவர்களுடைய கைதான்.

ஆகவே, பரணில் அப்படி ஒன்று கிடைத்தால் மூன்று காரியம். உடனே கரன்ட் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன பிள்ளை செய்த தப்பு அது. முப்பது, நாற்பது வருஷப் பவர் சப்ளையில் கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கும். பிபிசி மைக்ரோவில் ஒரு ரகக் கெபாசிட்டர் புகையைக் கக்கி வெடிப்பதில் பேர்போனது. விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி அதை மாற்றிவிட்டுப் பிளக்கைச் சொருகுங்கள். இரண்டு, கேசட்டுகளை மெஷினிலிருந்து பிரித்துத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று, 'சிக்னல் இல்லை' என்ற வரியை நம்பாதீர்கள். சிக்னல் இருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். சால்ட்ரிங் பிடித்த கை இல்லை, பேரேடு பிடித்த கை. தேய்மானம் கழிப்பதில் 'குறைந்துசெல் மதிப்பு முறை' என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் மிச்சமிருக்கும் மதிப்பில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. எத்தனை வருஷம் கழித்தாலும் கணக்குப்படி மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது. அதைப் பூஜ்யமாக்குவது நாமாகப் பார்த்து, 'இதுக்கு மேல ஒண்ணும் இல்ல' என்று புத்தகத்தில் கோடு போடுகிற அன்றைக்குத்தான்.

தெருவில் பழைய இரும்புக்காரர் குரல் கேட்டால், அவசரப்படாமல் ஒருதரம் பரணைப் பார்த்துவிட்டு வாருங்கள்.